ஏலியனோடு சண்டைக்குப் போய் நான் இழந்த ஐந்து வாரம்

போன ஆவணிக் கடைசியில் கோவை பேரூர் ரோட்டில் வண்டி சறுக்கி வலது காலில் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீடு தொண்டாமுத்தூர் தாண்டி நரசீபுரம் பக்கம், மலையடிவாரத்தில் தோட்டத்துச் சாளை. அப்பாவும் அம்மாவும் விடிவதற்கு முன்னால் எழுந்து மாட்டையும் தோட்டத்தையும் பார்க்கிறவர்கள். ராத்திரி எட்டரைக்கெல்லாம் படுத்துவிடுவார்கள். எனக்கோ வலியில் இரண்டு மணி வரைக்கும் கண் மூடாது. நான் பம்புசெட் கம்பெனியில் டிராயிங் போடுகிறவன், அதனால் அறையில் ஓரளவு நல்ல கம்ப்யூட்டர் இருந்தது. வீட்டிலிருந்தே டிராயிங் போட்டுக் கொடுத்தால் ஷீட்டுக்கு இவ்வளவு என்று ஆபீஸிலும் ஒத்துக்கொண்டார்கள். பகலில் வேலை, ராத்திரியில் கேம் என்று ஆறு வாரத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். அதில் ஐந்து வாரத்தை ஒரே கேம் தின்றுவிட்டது. கூட விளையாடுகிற பசங்க எல்லாரும் துப்பாக்கிக் கேம்காரர்கள், பேய்க் கேம் பக்கம் போனதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு ஆள் இல்லை. என் மாதிரி இன்னொருத்தர் மாட்டக் கூடாது என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கேமின் பெயர் ஏலியன்: ஐசொலேஷன். 2014 அக்டோபரில் வந்தது, செய்தது இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்ப்ளி. 1979-ல் வந்த ஏலியன் படக் கதைக்கு 15 வருஷம் கழித்து நடப்பது. காணாமல் போன அம்மாவைத் தேடி அமாண்டா ரிப்ளி என்ற பெண் செவஸ்டபோல் என்கிற விண்வெளி நிலையத்துக்கு வருகிறாள், நாம்தான் அவள். நிலையம் பாதி இருட்டு, உள்ளே எட்டடிக்கு மேல் உயரமான ஒரு ஜீவன் அலைகிறது. சேல் நேரத்தில் ஐநூறு ரூபாய்க்குள் கிடைத்தது. படம் பார்த்திருந்தேன், வாங்கிவிட்டேன்.

நான் செய்த முதல் தப்பு இங்கேயே இருக்கிறது. ஸ்டீம் என்கிற இணையக் கடையில் கேம் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் இந்த கேமில், நான் விளையாடிய வேகத்துக்கு, அந்த ஜீவன் நிஜமாகவே என்னைத் தேட ஆரம்பித்தபோது மூன்று மணி நேரம் தாண்டியிருந்தது. அதற்கு முன்னால் கதவு திறப்பது, ஒயர் மாற்றுவது, பயந்துபோன மனிதர்களிடம் தப்பிப்பது இவ்வளவுதான். வாங்கியது எந்த மாதிரிச் சரக்கு என்று புரிவதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிட்டது. பேய்க் கேம் வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடிக்கொள்ளுங்கள்: துரத்துகிறதே அது, அதைக் கொல்ல முடியுமா, முடியாதா? இதில் ஏலியனைக் கொல்ல முடியாது. முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரைக்கும் முடியாது. இது எனக்குத் தெரியாது.

ஏன் தெரியவில்லை என்றால், கையில் துப்பாக்கி கொடுக்கிறார்கள். ரிவால்வர் கிடைத்ததும், அப்பாடா என்று இருந்தது. பப்ஜியிலும் கவுன்டர் ஸ்ட்ரைக்கிலும் ஏழு வருஷம் ஊறிய கை. ஆறு குண்டையும் அதன் மண்டையிலேயே இறக்கினேன். அது தலையை ஒரு தடவை சிலுப்பிவிட்டு நேராக என்னிடம் வந்தது. குறி தவறியிருக்கும் என்று நினைத்து மறுபடி. மறுபடி. மவுஸ் சரியில்லை என்று முடிவு பண்ணி 3,200 ரூபாய்க்குப் புது மவுஸ் ஆர்டர் போட்டேன். நாலு நாளில் வந்தது. புது மவுஸில் ஆறு குண்டும் அச்சுப் பிசகாமல் விழுந்தன, ஆறாவது குண்டுக்கு அப்புறமும் அது வந்து என்னைத் தூக்கியது. அன்றைக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது. காலை அசைக்க முடியாமல் படுத்துக் கிடக்கிறவனுக்கு, கேமில்கூடக் கை கால் கட்டிப் போட்ட மாதிரி இருந்தது. அந்தக் கோபத்தில்தான், 'இது ஆகாது, வேற பேய்க் கேமில் அடித்து ஜெயிக்கிறேன்' என்று 700 ரூபாய்க்கு அவுட்லாஸ்ட் வாங்கினேன். 2013-ல் வந்த அந்த கேமில் ஆயுதமே கிடையாது. கையில் ஒரு வீடியோ கேமராவும் அதற்கு பேட்டரியும் மட்டும்தான். இரண்டாவது தடவையாக அதே குழியில் விழுந்தேன்.

இந்த வகைக் கேம்களில் ஆயுதம் எதற்கு என்று எனக்குப் புரியவே மூன்று வாரம் ஆனது. ஆயுதம் கொல்வதற்கு இல்லை, ஐந்து வினாடி வாங்குவதற்கு. பின்னால் ஒரு ஃப்ளேம்த்ரோவர் தருவார்கள். நெருப்பைக் காட்டினால் ஏலியன் பின்வாங்கி மேலே காற்றுக் குழாய்க்குள் ஏறிவிடும், அவ்வளவுதான், கொஞ்ச நேரத்தில் இறங்கி வரும். அந்த இடைவெளியில் நாம் அந்த அறையை விட்டே போயிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன், அது தானாகக் குழாய்க்குள் ஏறியபோதெல்லாம், போய்விட்டது என்று அங்கேயே நின்று அலமாரியை எல்லாம் துழாவிக்கொண்டிருந்தேன். 2019-ல் புதுசாக்கி வெளியிட்ட ரெசிடென்ட் ஈவில் 2-ல் தொப்பி போட்ட ராட்சதன் ஒருத்தன் வருவான், அங்கேயும் இதே கணக்குதான். பத்துப் பதினைந்து குண்டு செலவழித்தால் கொஞ்ச நேரம் மண்டியிடுவான். அந்தக் குண்டுகளை, அங்கே நடமாடும் சாதாரணப் பிணங்களைத் தாண்டுவதற்கு வைத்துக்கொள்வதுதான் புத்தி.

நான் மாட்டிக்கொண்டது ஐந்தாவது மிஷன், சான் கிறிஸ்டோபல் என்கிற மருத்துவமனைப் பகுதி. காயம்பட்ட ஒருத்திக்கு மருந்துப் பெட்டி எடுத்து வர வேண்டும். வளைந்து வளைந்து போகிற வழி, ஒரே மாதிரி வார்டுகள், நடுவில் அது. அந்த ஒரு இடத்தில் மட்டும் பதினாறு ராத்திரி போனது. இதில் நினைத்த இடத்தில் சேவ் பண்ண முடியாது. சுவரில் இருக்கும் எமர்ஜென்சி போனில் கார்டைச் செருகி மூன்று விளக்கும் எரிகிற வரைக்கும் நிற்க வேண்டும், அந்த மூன்று வினாடிக்குள்ளும் அது வந்து கொல்லும். போனுக்குப் போகாமல் இழுத்துக்கொண்டே போனால் செத்ததும் நாற்பது நிமிஷ வேலை போச்சு. எங்கள் பக்கம் காற்றடித்தால் கரண்ட் போகும். யுபிஎஸ் பேட்டரி செத்துக் கிடந்ததை மாற்றாமல் விட்டதில் இரண்டு தடவை அப்படியே அணைந்து, இரண்டு தடவையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. தோட்டத்தில், கிராமத்தில் இருக்கிறவர்கள் இந்த மாதிரி கேம் தொடங்குமுன் யுபிஎஸ்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த போனைத் தாண்டினாலும், ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் சேவ் பண்ணியிருந்தாலும், மறுபடி பண்ணுங்கள்.

ஒரு ராத்திரியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மணி ஒன்றரை இருக்கும். காரிடாரில் தட தடவென்று ஓடினேன். ஓடியது தப்பு. ஓடினால் காலடி கேட்கும், குனிந்து நடந்தால் கேட்காது. பின்னால் தொப்பென்று ஒரு சத்தம், மேலிருந்து அது குதித்துவிட்டது. பக்கத்திலிருந்த லாக்கருக்குள் புகுந்து கதவைச் சாத்தினேன். கதவில் கம்பி கம்பியாக நாலு கீற்று இடைவெளி, அதன் வழியாக வார்டின் மஞ்சள் வெளிச்சம். முதலில் வால் தெரிந்தது. அது போகிறது, போகிறது, முடியவே இல்லை. அப்புறம் கால் நின்றது. பக்கத்தில் எது அசைந்தாலும் காட்டுகிற மோஷன் டிராக்கரை எடுத்துப் பார்த்தேன், டிக் டிக் என்றது. பக்கத்தில் இருக்கும்போது அந்தச் சத்தம் அதற்கும் கேட்கும் என்பது எனக்குத் தெரியாது. பளபளவென்று ஒரு மண்டை கீற்றை அடைத்தது. பின்னால் சாய்ந்து மூச்சைப் பிடி என்று திரையில் வந்தது. பட்டனை அழுத்தினேன், கேமில் அவள் மூச்சைப் பிடித்தாள், இங்கே நானும் பிடித்திருக்கிறேன். திரை ஓரமெல்லாம் சிவந்து வந்தது. ரொம்ப நேரம் பிடித்தால் உயிர் குறையும். அது நகர்ந்தது. நான் பட்டனை விட்ட அதே நேரம் தோளில் ஒரு கை விழுந்தது. கத்திவிட்டேன். அம்மா. "ஏஞ்சாமி, இப்புடி வேத்துக் கொட்டுது? காலு வலிக்குதா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பனியன் பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. ஒன்றும் இல்லையம்மா என்றேன். விடிகிற வரைக்கும் தூங்கவில்லை. காலையில் முடிக்க வேண்டிய டிராயிங் முடியவில்லை, அதற்கடுத்ததும் தள்ளிப்போய் இரண்டையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதில் ஆறாயிரம் போனது. பயம் உடம்பில் ஏறுகிற விஷயம், சும்மா விளையாட்டு என்று நினைத்து அலட்சியம் பண்ணாதீர்கள். நெஞ்சுத் தொந்தரவு, ரத்தக் கொதிப்பு இருக்கிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். மற்றவர்கள் பகலில் விளையாடுங்கள், முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து தண்ணீர் குடியுங்கள். நான் எழ முடியாதவன், அதனால்தான் அப்படிச் சிக்கினேன் என்று இப்போது தோன்றுகிறது.

நாலாவது வாரத்தில் ஒரு விடியற்காலை. என்கூடப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் ஒருத்தன் வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கிறான். எங்கள் பக்கம் வாழை, மக்காச்சோளம், பலா என்று மலையிலிருந்து யானை இறங்கிக்கொண்டே இருக்கும், ராத்திரி முழுக்க அதன் பின்னால் போவதுதான் அவன் வேலை. டூட்டி முடிந்து பால் காபிக்கு எங்கள் வீட்டில் நிற்பான். அன்றைக்கு அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்து, நான் மூன்று தடவை சாவதைப் பேசாமல் பார்த்தான்.

"ஏன் மாப்ள, அது எங்க நிக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

"உத்தேசமாத் தெரியும், இந்த டிராக்கர்ல."

"அப்பறம் ஏன் நடு ரூம்புல போயி நிக்கற? இங்கிருந்து வெளிய போற தடம் எது?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாளாக அதே வார்டுக்குள் போய் வந்துகொண்டிருந்தவனுக்கு, வெளியே போகிற தடம் எது என்று சொல்லத் தெரியவில்லை. துப்பாக்கி எங்கே இருக்கிறது, குண்டு எத்தனை இருக்கிறது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

"நாங்க என்ன ஆனைகூட மல்லுக்கட்டவா போறோம்?" என்றான். "அது எங்க நிக்குது, காத்து எந்தப் பக்கம் அடிக்குது, நாம வெளிய போற தடம் எது. இது மூணும் தெரியாம ஒரு எட்டு எடுத்து வெக்க மாட்டோம். ஜீப்பையே திருப்பி நிறுத்திட்டுத்தான் எறங்குவோம். அது ஓடியாந்தப்பறம் தடம் பாத்தா முடியுமா?"

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு ஓடுவது அவமானமாக இருந்தது. புறமுதுகு காட்டுகிறவன் என்பது நம் ஊரில் எப்பேர்ப்பட்ட வசவு என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் பார்க்காத அறையில், ராத்திரியில், ஒரு விளையாட்டில்கூட என்னால் மேசைக்கு அடியில் போய் ஒளிய முடியவில்லை, வீம்பு விடவில்லை. ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தவன் போன மாசம்தான் ஒற்றைக் கொம்பனுக்கு வழிவிட்டு, ஓடைப் பள்ளத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் கிடந்தவன். அவனைப் பயந்தாங்கொள்ளி என்று எங்கள் ஊரில் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். அவனைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்த வீம்பு விட்டது.

அதற்கப்புறம் வேறு மாதிரி விளையாடினேன். ஒரு அறைக்குள் நுழையும் முன் வாசலிலேயே குனிந்து நின்று, இன்னொரு கதவு எங்கே, லாக்கர் எங்கே, மேசை எங்கே, தரையோடு இருக்கிற காற்றுத் துளை எங்கே என்று பார்ப்பேன். கூரையை அண்ணாந்து பார்ப்பேன். மேலே குழாய் வாயிலிருந்து எச்சில் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தால் அங்கே அது காத்திருக்கிறது என்று அர்த்தம், அடியில் போனால் தூக்கிவிடும். காற்றுக்குப் பதிலாக இங்கே சத்தம். அது குழாய்க்குள் ஓடினால் தகரம் உருளுகிற மாதிரி கேட்கும், தரையில் நடந்தால் கனமாகக் கேட்கும். மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது தெரிந்தால் பாதி உயிர் வந்துவிடும். ஸ்பீக்கரில் இது பிடிபடாது. 2,600 கொடுத்து ஹெட்செட் வாங்கினேன், செலவழித்ததில் உருப்படியான செலவு அதுதான். மவுஸுக்கு முன்னால் அதை வாங்கியிருக்க வேண்டும்.

அந்த ஏலியன் எப்படி வேலை செய்கிறது என்றும் தேடிப் படித்தேன், படித்ததும் பயம் பாதி குறைந்தது. உள்ளே இரண்டு மூளை. ஒன்று, நாம் இருக்கும் இடம் எப்போதும் தெரிந்த மேற்பார்வைக்காரன். இன்னொன்று ஏலியனின் சொந்த மூளை, அதற்கு நாம் இருக்கும் இடம் தெரியாது, கண்ணாலும் காதாலும் தேட வேண்டும். மேற்பார்வைக்காரன் நேராகக் காட்டிக்கொடுக்க மாட்டான், 'அந்தப் பக்கம் போய்ப் பார்' என்று மட்டும் விரட்டுவான். ரொம்ப நேரம் நம்மை நெருக்கிவிட்டால் அவனே அதைக் குழாய்க்குள் திருப்பி அனுப்பி மூச்சுவிடக் கொடுப்பான். அதனால் அது மேலே ஏறிய சத்தம் கேட்டதும் நகர வேண்டும். நான் ஒரு லாக்கருக்குள் பதினோரு நிமிஷம் நின்றிருக்கிறேன், வீண். நாம் ஒரே இடத்தில் கிடந்தால் அதுவும் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே வளைய வரும். ஒளிவது மூச்சு வாங்குவதற்குத்தான், குடியிருப்பதற்கு இல்லை.

ஓடுவதிலும் கேமுக்குக் கேம் வித்தியாசம் உண்டு. ஏலியனில் அது கண்ணில் பட்டபின் ஓடினால் பிழைக்க மாட்டோம், பார்க்கும் முன்பே நழுவ வேண்டும். அவுட்லாஸ்டில் பார்த்த பின்னாலும் ஓடலாம். போகப்போகக் கதவைச் சாத்திக்கொண்டு, ஓடும்போதே திரும்பிப் பார்த்து, ஒரு மூலை திரும்பித் துரத்துகிறவன் கண்ணை மறைத்த பிறகுதான் கட்டிலுக்கு அடியில் போக வேண்டும். அவன் பார்க்கப் பார்க்க லாக்கரில் ஏறினால் இழுத்து வெளியே போடுவான். 2010-ல் வந்த அம்னீசியாவில் இருட்டில் ஒளிந்தால் நம் புத்தி பேதலிக்கும், வெளிச்சத்தில் நின்றால் மாட்டுவோம். துரத்துகிற ஜீவனை உற்றுப் பார்த்தாலே புத்தி கெடும், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். அம்னீசியாவைச் செய்த ஸ்வீடன்காரர்கள் 2007-ல் பெனும்ப்ரா என்று ஒன்று செய்தபோது கையில் சுத்தியல் கொடுத்திருந்தார்கள். அடுத்த வருஷம் வந்த இரண்டாம் பாகத்தில் அந்த மாதிரி ஆயுதங்களையே எடுத்துவிட்டார்கள். அடிக்க ஒரு வழி இருந்தால் மனுஷன் அடிக்கத்தான் பார்ப்பான் என்று எனக்கு முன்னாலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதே ஆட்களின் சோமா என்கிற கேமில், அந்த ஜீவன்கள் நம்மைக் கொல்லாத ஒரு முறையைப் பின்னால் சேர்த்தார்கள். கதை மட்டும் போதும் என்றால் அதில் தொடங்குங்கள், ஒரு குறைச்சலும் இல்லை. கஷ்ட அளவைக் குறைத்துக்கொள்வதிலும் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நான் ஹார்டிலிருந்து நார்மலுக்கு இறங்கியதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன், இப்போது சொல்கிறேன்.

ஐந்தாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஜன்னல் திறந்திருக்க, தோட்டத்தில் மோட்டார் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே, மருத்துவமனையைத் தாண்டினேன். ஒரு குண்டுகூடச் சுடவில்லை. கடைசிக் காரிடாரில் அது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. முன்பென்றால் கை தானாகத் துப்பாக்கிக்குப் போயிருக்கும். குனிந்தபடியே, வந்த வழியில் மூன்று எட்டுப் பின்னால் வைத்து, மேசைக்கு அடியில் போய், அது வார்டுக்குள் திரும்பும் வரைக்கும் எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்திநாலு எண்ணினேன். போனில் கார்டைச் செருகி மூன்று விளக்கும் எரிந்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கால் முறிந்த அன்றைக்குக்கூட நான் அழவில்லை.

மறுநாள் விடியற்காலை அவன் வந்தான். கால் சட்டையெல்லாம் சேறு, கண் சிவந்திருந்தது. ராத்திரி மூன்று யானையாம், ஒன்று குட்டி. அம்மா காபி கொண்டுவந்து வைத்தார்.

"தாண்டிட்டேன் மாப்ள" என்றேன்.

"அது?"

"அங்கயேதான் சுத்திக்கிட்டு இருக்குது."

அவன் தலையை ஆட்டிவிட்டுக் காபியைக் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்த கையோடு கட்டிலில் சாய்ந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போனான்.